65 வாட் சார்ஜர் மாட்டியும் அதே மூன்று மணி நேரம்: சார்ஜரா, கேபிளா, போனா?

ஏப்ரல் 4, மாலை 6.20 (வாசகர் கேள்வி)

என்னுடையது பட்ஜெட் போன்தான். 5000 எம்ஏஎச் பேட்டரி. 18 வாட் வேக சார்ஜிங் உண்டு என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள், ஆனால் உள்ளே வந்தது 10 வாட் சார்ஜர். முழுதாக ஏற மூன்று மணி நேரம் பிடிக்கிறதே என்று வேறொரு நிறுவனத்தின் 65 வாட் சார்ஜரை வாங்கி மாட்டினேன். அப்போதும் அதே மூன்று மணி நேரம். சார்ஜர் போலியா? போனில் கோளாறா? இல்லை, 18 வாட் என்பதே சும்மா எழுதினதா?

ஏப்ரல் 4, இரவு 9.15

மூன்றுமே இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சார்ஜர் மின்சாரத்தைத் தள்ளுவதில்லை. போன்தான் இழுத்துக்கொள்கிறது. 65 வாட் என்பது அந்தச் சார்ஜரால் கொடுக்க முடிந்த உச்சம், அவ்வளவுதான். எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப். அது கேட்கும் விதம் சார்ஜருக்குப் புரிந்தால் 9 வோல்ட் கொடுக்கும். புரியவில்லை என்றால் இரண்டும் வம்பு வேண்டாம் என்று பழைய 5 வோல்ட்டில் உட்கார்ந்துவிடும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும், அதை அப்படியே எழுதுங்கள். எழுத்து கண்ணுக்குத் தெரியாது, இன்னொரு போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம், கேபிள் எது? சார்ஜரோடு வந்ததா, வீட்டில் கிடந்ததா?

ஏப்ரல் 4, இரவு 10.50

இடையில் ஒருவர் பயந்து கேட்டிருக்கிறார்: 65 வாட் சார்ஜரை 10 வாட் போனில் மாட்டினால் பேட்டரி உப்பிவிடாதா?

உப்பாது. ஒழுங்காகச் செய்த எந்தச் சார்ஜரும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். போன் கேட்டால்தான் மேலே போகும். மடிக்கணினிக்கான 65 வாட் டைப்-சி சார்ஜரில் என் போனை அடிக்கடி போடுகிறேன், அது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பயப்பட வேண்டியது வாட்டைப் பார்த்து அல்ல, பெயரும் விவரமும் இல்லாத சார்ஜரைப் பார்த்து. உள்ளே சுவர் மின்சாரம் வரும் பக்கத்தையும் போன் பக்கத்தையும் பிரிக்கும் இடைவெளியில் கஞ்சத்தனம் செய்திருந்தால், 5 வாட் சார்ஜரும் ஆபத்துதான்.

ஏப்ரல் 5, காலை 7.40

லேபிள் வந்துவிட்டது. கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: "5 வோல்ட் 2 ஆம்பியர், 10 வோல்ட் 6.5 ஆம்பியர்." வேறு எதுவும் இல்லை.

வழக்கு முடிந்தது. 10-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 65 வாட். ஆனால் அந்த இரண்டாவது வரி அந்த நிறுவனத்தின் சொந்தப் போன்களுக்கு மட்டும். மற்ற எல்லாருக்கும் முதல் வரிதான், 5-ஐ 2-ஆல் பெருக்கினால் 10 வாட். பழைய சார்ஜர் கொடுத்ததும் அதே 10. வேகம் மாறாததில் அதிசயம் எதுவும் இல்லை. சார்ஜர் அசல்தான். உங்கள் போனுக்கான அசல் இல்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், அவசரம் உள்ளவர்கள் தாண்டிப் போகலாம். ஆரம்பத்தில் யூஎஸ்பி 2.0 கொடுத்தது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். 2010-இல் பேட்டரி சார்ஜிங் 1.2 என்ற விதி வந்தது. சார்ஜருக்குள் இரண்டு டேட்டா பின்களையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் போன் அதைப் பார்த்து "ஓ, இது கணினி இல்லை, சார்ஜர்" என்று தெரிந்துகொண்டு ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு மேல் போகும்போது ஆளுக்கு ஒரு வழியில் போனார்கள். போன் சிப் செய்யும் குவால்காம் தன் குயிக் சார்ஜ் முறையில் வோல்ட்டை 9, 12 என்று ஏற்றியது. ஒப்போ 2014-இல் வூக் என்று நேர் எதிராகப் போனது: வோல்ட்டை 5-லேயே வைத்து ஆம்பியரை 4-க்கு ஏற்றியது. அந்த அளவு ஆம்பியர் சாதாரணக் கேபிளில் தாங்காது, அதனால் தனிக் கேபிள், தனிச் சார்ஜர். இன்று அந்த வழியில் வந்த சார்ஜர்கள் பலவும் மற்ற போனைக் கண்டால் 10 வாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன.

பொது வழி என்று இன்று சொல்லத்தக்கது யூஎஸ்பி பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி. இது 5, 9, 15, 20 வோல்ட் என்று படிகளாகக் கொடுக்கும். 2017 முதல் இதிலேயே பி.பி.எஸ். என்று ஒரு பிரிவு உண்டு. அதில் போன் 20 மில்லிவோல்ட் அளவுக்குச் சின்னச் சின்னப் படிகளாகக் கேட்டு வாங்கலாம். சாம்சங்கின் 25 வாட் போன்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். பி.பி.எஸ். இல்லாத பி.டி. சார்ஜரில் போட்டால் அவை அந்த 25-ஐ எட்டுவதில்லை. "25 வாட் சார்ஜர்தானே வாங்கினேன்" என்று புலம்புகிறவர்கள் பலருக்கும் விடை இந்த மூன்று எழுத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 5, காலை 8.05

சொல்ல விட்டது: உங்கள் போனின் 18 வாட் எந்த வகை என்று போனின் விவரப் பக்கத்தில் பாருங்கள். பி.டி. என்றா, குயிக் சார்ஜ் 3 என்றா? வாங்கும் முன் இது தெரிந்தாக வேண்டும். குயிக் சார்ஜ் மட்டும் தெரிந்த போனை பி.டி. மட்டும் தெரிந்த சார்ஜரில் மாட்டினால் மறுபடியும் 5 வோல்ட்தான், மறுபடியும் இங்கே வந்து கேள்வி கேட்பீர்கள்.

ஏப்ரல் 5, இரவு 9.30

இப்போது கேபிள். இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை, சார்ஜர் கேள்வி ஒரு சாக்கு.

வோல்ட், ஆம்பியர், வாட் காட்டும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருக வேண்டும், கட்டைவிரல் அளவுதான். அதை வாங்கிய பிறகு மேசை இழுப்பறையில் கிடந்த கேபிள்களை எல்லாம் ஒரே சார்ஜரில், ஒரே போனில், பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் 1.9 ஆம்பியர். அடுத்ததில் 1.2. துணி சுற்றிய, பார்க்க ராஜா மாதிரி இருந்த நீளக் கேபிளில் 0.8. மெலிசாகப் பழுத்துப்போன பழைய கேபிள் ஒன்று அந்த ராஜாவைத் தோற்கடித்தது.

காரணம் உள்ளே போகும் செம்பின் தடிமன். கேபிள் உறை மேல் சிலவற்றில் 28 என்றும் 24 என்றும் அச்சிட்டிருக்கும். அது கம்பியின் கேஜ், எண் குறையக் குறையக் கம்பி தடிமன். 28 கேஜ் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. மின்சாரம் போகவும் வரவும் வேண்டும், ஆக 0.42. அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் கேபிளிலேயே காலி. 5 வோல்ட்டில் கிளம்பியது போனுக்கு வரும்போது 4.16. போனின் சிப் வோல்ட் இப்படி விழுவதைப் பார்த்ததும் "சார்ஜர் திணறுகிறது போல" என்று நினைத்து ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அதே நீளத்தில் 24 கேஜ் என்றால் இழப்பு 0.34 வோல்ட் மட்டும். கேபிளின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பும் இரட்டிப்பு. படுக்கையில் படுத்துக்கொண்டே சார்ஜ் போட வாங்கிய அந்த நீளக் கேபிளின் கதை இதுதான்.

9 வோல்ட் முறையின் லாபமும் இங்கேதான் புரியும். அதே மெலிந்த கேபிளில், அதே 2 ஆம்பியருக்கு, அதே 0.84 வோல்ட்தான் போகும். ஆனால் 9-இல் 0.84 போனால் மிச்சம் எட்டுக்கு மேல். போனுக்கு 16 வாட்டாவது வந்து சேரும்.

இன்னொன்று: சில மலிவுக் கேபிள்களில் டேட்டா கம்பியே கிடையாது. குயிக் சார்ஜ் பேச்சு நடப்பது அந்தக் கம்பிகளில்தான், அதனால் பேச்சே நடக்காது. சோதிக்க மீட்டர் தேவையில்லை. கணினியில் செருகிப் போனைத் திறங்கள், கோப்புப் பரிமாற்றம் என்ற தேர்வே போனில் வராமல், கோப்புகளும் கணினித் திரையில் தெரியாவிட்டால் அந்தக் கேபிளை டார்ச் லைட்டுக்கோ காதில் மாட்டும் கருவிக்கோ ஒதுக்கிவிடலாம்.

பி.டி. வேறு கம்பியில் பேசுகிறது, அது டைப்-சி முனையில் மட்டும்தான் உண்டு. ஆகவே பி.டி. வேண்டுமானால் கேபிளின் இரு முனையும் டைப்-சி ஆக இருக்க வேண்டும். ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பி என்றால் சார்ஜர் பெட்டியில் பி.டி. என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

ஏப்ரல் 6, மதியம் 1.10

கேபிள் ஆட்டம் கண்டால், கோணம் மாற்றிப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால், உடனே போர்ட் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். போனை அணைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சட்டைப்பை நூல்தூசி ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் அடியில் நசுங்கி நசுங்கி, கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு தட்டை அட்டை மாதிரி ஒட்டியிருக்கும். மரப் பல்குச்சியால் ஓரமாக விட்டு மெதுவாகக் கிளப்பினால் முழுசாக ஒரே துண்டாக வரும். ஊசி, சேப்டி பின், எந்த உலோகமும் வேண்டாம். நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கை நெம்ப வேண்டாம். நான் எடுத்த துண்டைப் பார்த்து வீட்டில் யாரும் அதைத் தொட மறுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 7, இரவு 8.45

"18 வாட் என்றால் ஒரு மணி நேரத்தில் நிறைய வேண்டும், கணக்கு இடிக்கிறதே" என்று ஒருவர்.

கணக்கைப் போட்டுவிடுவோம். 5000 எம்ஏஎச், பேட்டரியின் சராசரி 3.85 வோல்ட். பெருக்கினால் 19.25 வாட்-மணி. 18 வாட் சார்ஜரில் வெப்பமாகப் போவதைக் கழித்தால் பேட்டரிக்குள் போவது 15 வாட்டுக்குச் சற்று மேல். ஒன்றேகால் மணி நேரம் என்று வருகிறது. நடைமுறையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மிச்ச முக்கால் மணி எங்கே போனது?

லித்தியம் அயனி பேட்டரி ஏறுவது காலியான பேருந்தில் ஆள் ஏறுவது போல. முதலில் தடதடவென்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேருக்கு ஒவ்வொருவராக நகர்ந்து இடம் விட வேண்டும். முதல் கட்டத்தில் சார்ஜிங் சிப் ஆம்பியரை நிலையாக வைக்கிறது, பேட்டரியின் வோல்ட் ஏறிக்கொண்டே வருகிறது. இன்றைய பல போன் பேட்டரிகளில் 4.4 வோல்ட்டை ஒட்டி உச்சம் வந்ததும், வோல்ட்டை அங்கேயே நிறுத்தி ஆம்பியரைப் படிப்படியாகக் குறைக்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாவது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டும்.

இதனால் சார்ஜர் ஒப்பிடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 90 சதவீதத்தில் இருக்கும் போனில் மாட்டி "வேகமே இல்லை" என்று எழுதாதீர்கள். 20-இலிருந்து 50 வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். திரையை அணைத்து வையுங்கள், கையில் வைத்து நோண்டிக்கொண்டே அளந்தால் ஒரு பங்கு மின்சாரம் திரைக்கே போய்விடும்.

ஏப்ரல் 7, இரவு 9.00

திரையில் காட்டும் "முழுவதும் நிறைய இன்னும் இத்தனை நிமிடம்" என்பதை வைத்தும் வாதாட வேண்டாம். அது ஒரு ஊகம். என் போன் ஒரே மணி நேரத்தில் அந்த எண்ணை ஏற்றி இறக்கிக் கூச்சமே இல்லாமல் மாற்றிக்கொள்கிறது.

ஏப்ரல் 8, இரவு 10.20

நேற்று எழுதியதை மறுபடி படித்தால் வேகம் வேகம் என்றே போகிறது. ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போடுகிறவருக்கு வேகம் எதற்கு? ஏழு மணி நேரம் இருக்கிறது. அவருக்கு அந்தப் பழைய 10 வாட் சார்ஜரே உத்தமம். 18 வாட் சார்ஜர் வெளியே கிளம்பும் முன் அரை மணி நேரம் கிடைக்கிறவருக்குத்தான் உதவும்.

பேட்டரிக்கு உண்மையான எதிரி சூடு. பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் சார்ஜ் செய்யச் சொல்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படியும், அது திரும்பாத சேதம். மேல் பக்கம் 45-ஐ நெருங்கினால் போனே வேகத்தைக் குறைக்கும். ரப்பர் கவர் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்து, வீடியோ ஓட விட்டு, அதோடு வேகச் சார்ஜரும் போட்டால் போன் பயந்துபோய் 10 வாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். வேகமும் இல்லை, பேட்டரியும் வேகிறது. கவரைக் கழற்றித் தரையில் திரை கீழாக வைத்துப் பாருங்கள், பின்பக்கம் காற்று படும்.

இரவு முழுக்க மாட்டி வைத்தால் "ஓவர் சார்ஜ்" ஆகாது. நிறைந்ததும் சிப் நிறுத்திவிடும், கொஞ்சம் இறங்கினால் தொட்டு நிரப்பும். தொல்லை என்னவென்றால் உச்ச வோல்ட்டிலேயே மணிக்கணக்கில் நிற்பது. அந்த நிலையில் சூடும் சேர்ந்தால் வயது சீக்கிரம் ஏறும். இப்போது பல போன்களில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியோ, விடியும் நேரம் பார்த்துக் கடைசிப் பகுதியை நிரப்பும் வசதியோ அமைப்புகளில் 'பேட்டரி' பகுதியில் இருக்கிறது. இருந்தால் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

ஏப்ரல் 8, இரவு 10.45

80 ஆனதும் அலாரம் வைத்து எழுந்து பிளக்கைப் பிடுங்குகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பேட்டரி வாழ்க. உங்கள் தூக்கத்துக்கு எத்தனை சுழற்சி உத்தரவாதம்?

ஏப்ரல் 9, காலை 6.55

சுழற்சி என்று நேற்று விளையாட்டாகச் சொன்னதற்கு விளக்கம் கேட்கிறார்கள். ஒரு முறை பிளக் மாட்டினால் ஒரு சுழற்சி அல்ல. மொத்தம் 100 சதவீதம் செலவானால்தான் ஒன்று. இன்று 50, நாளை 50 என்றால் இரண்டு நாளில் ஒன்று. அடிக்கடி மாட்டினால் பேட்டரி போய்விடும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பயம். புதுப் போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதும் அதே குடும்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போன்களின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு காட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அளவுகோலாக இதை வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 11, இரவு 9.10

தலைப்பு விட்டு விலகுகிறது, ஆனால் கேள்வி நல்ல கேள்வி: சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை பைத்தியம் பிடித்த மாதிரி தானாக எழுத்து அடிக்கிறது, தொட்ட இடம் ஒன்று, திறப்பது இன்னொன்று.

எனக்கும் நடந்தது. பேர் தெரியாத ஒரு சின்னச் சார்ஜரில் மாட்டி ஒரு செய்தி அனுப்பப் பார்த்தேன். அது நான் கேட்காத ஒருவருக்கு வீடியோ அழைப்பு போட்டுவிட்டது, அதுவும் நள்ளிரவில். வேறு சார்ஜரில் போட்டதும் சரியாகிவிட்டது.

திரை விரலைக் கண்டுபிடிப்பது மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை, அதாவது விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் தேங்கும் அளவு மாறுவதை, அளந்து. சார்ஜருக்குள் மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடும் ஸ்விட்சிங் சுற்று அதிர்வெண் அதிகமான இரைச்சலை உண்டாக்கும். நல்ல சார்ஜரில் அதை வடிகட்டப் பாகங்கள் வைப்பார்கள், மலிவில் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். இரைச்சல் கேபிள் வழியாகப் போனுக்கு வந்து, நீங்கள் தொட்டதும் உங்கள் உடல் வழியாகச் சுற்று முடிந்து, திரை குழம்புகிறது. வேகம் சரியாக இருந்தாலும் இப்படிச் செய்கிற சார்ஜரை மாற்றிவிடுவது நல்லது.

உலோக ஓரத்தைத் தொட்டால் சுருசுருவென்று கூசுவது வேறு விஷயம். இரண்டு பின் சார்ஜர்களில் இரைச்சலை அடக்கவே ஒரு மின்தேக்கி இரு பக்கத்தையும் இணைக்கும், அதன் வழியே நுண்ணிய கசிவு வரும். தரத்துக்கு உட்பட்ட சார்ஜரில் அது கால் மில்லி ஆம்பியருக்குள். லேசான கூச்சம் என்றால் பரவாயில்லை. சுரீர் என்று கையை இழுக்க வைத்தால் அந்தச் சார்ஜரை மறுபடி சுவரில் மாட்ட வேண்டாம்.

ஏப்ரல் 12, மாலை 5.30

இரு முனையும் டைப்-சி கேபிளை வாங்குங்கள் என்றேன். வாங்கி மாட்டினால் தன் பழைய கருவி ஒன்றில் சார்ஜே ஏறவில்லை, தட்டை யூஎஸ்பி கேபிளில் மட்டும் ஏறுகிறது என்று புகார்.

அது கேபிளின் குற்றம் அல்ல. டைப்-சி சார்ஜர் எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியானால்தான் மின்சாரத்தையே திறக்கும். அதைச் சொல்வதற்குக் கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை வைக்க வேண்டும். சில மலிவுக் கருவிகளில் அந்தத் துளியளவு பாகத்தை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பழைய தட்டை போர்ட் எதையும் கேட்காமல் 5 வோல்ட் விடும், அதனால் அதில் ஏறுகிறது. பெரிய இடங்களிலும் இந்தச் சறுக்கல் உண்டு: 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியின் முதல் பதிப்பில் இந்த மின்தடை அமைப்பு சரியில்லாமல், தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் சிப் பதித்த கேபிள்களில் அது வேலை செய்யவில்லை. பிறகு திருத்தினார்கள்.

கேபிளிலும் ஒரு மின்தடை விவகாரம் உண்டு. தட்டை யூஎஸ்பியிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில் 56 கிலோ ஓம் வைக்க வேண்டும். 10 கிலோ ஓம் வைத்தால் போன் "3 ஆம்பியர் தரும் சார்ஜர்" என்று நம்பி இழுக்கும், மறுமுனையில் இருப்பது ஏழைக் கணினி போர்ட்டாகக்கூட இருக்கலாம். 2015-இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் இப்படிப்பட்ட கேபிள்களைத் தேடித் தேடிச் சோதித்துப் பட்டியல் போட்டார். அடுத்த வருடம் தாறுமாறாக இணைத்திருந்த ஒரு கேபிள் அவர் சோதிக்கும் மடிக்கணினியையே கொன்றது.

ஏப்ரல் 12, மாலை 5.50

மின்கட்டணம் பற்றிக் கேட்டவருக்கு. 19 வாட்-மணி பேட்டரியைத் தினமும் காலியிலிருந்து நிரப்பினால், எல்லா இழப்பும் சேர்த்துச் சுமார் 25 வாட்-மணி. வருடத்துக்கு ஒன்பது யூனிட் சொச்சம். நல்ல சார்ஜர் சும்மா சுவரில் தொங்கினால் 0.1 வாட்டுக்கு மேல் எடுக்காது, வருடம் முழுக்க ஒரு யூனிட்கூட ஆகாது. சார்ஜரைப் பிடுங்குவதில் பணம் மிச்சமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடி மின்னலுக்குப் பயந்து பிடுங்கினால் அது நியாயம்.

ஏப்ரல் 14, இரவு 8.00

"இவ்வளவும் படித்தாயிற்று, எதை வாங்க?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார்கள். உங்கள் போனுக்குப் பொருந்தும் தனிச் சார்ஜர் இல்லாதபோது நான் தேர்ந்தெடுப்பது இப்படி: லேபிளில் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியரோ அதற்கு மேலோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பி.பி.எஸ். என்று தனி வரி இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த போனுக்கும் உதவும். குயிக் சார்ஜும் சேர்ந்திருந்தால் கேள்வியே இல்லை. 25 முதல் 33 வாட் போதும். 18 வாட் போனுக்கு 65 வாட் சார்ஜர் வாங்கினால் தப்பில்லை, மடிக்கணினியும் அதில் போடுவதாக இருந்தால் சரி, இல்லையென்றால் எடையைத்தான் சுமக்கிறீர்கள். கேபிள் ஒரு மீட்டர், இரு முனையும் டைப்-சி. தரமான டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும், பட்ஜெட் போனுக்கு அது தாராளம். 5 ஆம்பியர் சிப் பதித்த கேபிளுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் போன் வூக் குடும்பம் போன்ற சொந்த முறையில் 33, 45, 67 வாட் ஏறுகிற போன் என்றால் மேலே சொன்னது பொருந்தாது. பொதுச் சார்ஜரில் அது ஏறும், ஆனால் மெதுவாக. முழு வேகம் வேண்டுமானால் அந்த நிறுவனத்தின் சார்ஜரும் கேபிளும்தான், வேறு வழி இல்லை.

இரண்டு, மூன்று போர்ட் உள்ள சார்ஜர்களில் கூடுதல் கவனம். பெட்டியில் போடுவது மொத்த வாட். ஒன்றில் போன் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொன்றைச் செருகினால் ஒரு நொடி எல்லாம் அறுந்து, மறுபடி பேசி, பல சார்ஜர்களில் இரண்டும் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எந்த போர்ட்டில் தனியாக எவ்வளவு, சேர்ந்தால் எவ்வளவு என்று பொடி எழுத்தில் அதுவும் இருக்கும்.

ஏப்ரல் 15, காலை 7.15

பவர் பேங்க்: 10000 எம்ஏஎச் என்றால் 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பாது. அந்த 10000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, மொத்தம் 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம், போனுக்குள் இறங்கும்போது கொஞ்சம் என்று போய், மிஞ்சுவது ஒன்றேகால் முதல் ஒன்றரை முறை. உறையில் 5 வோல்ட்டில் சுமார் 6000 என்று சின்னதாக இன்னொரு எண் இருந்தால் அதுதான் நேர்மையான எண். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 17, இரவு 9.40

பல மாதம் அலமாரியில் கிடந்த போன் எழவில்லை, சார்ஜ் குறிகூடத் தெரியவில்லை என்று எழுதியவருக்கு. உடனே பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். முதலில் பின்மூடியைப் பாருங்கள். மேலே தள்ளியிருந்தாலோ, திரை ஓரத்தில் விரிசல் விட்டிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படியானால் சார்ஜே போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தட்டையாக இருந்தால் சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் மாட்டி அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் சிப் முழு ஆம்பியரைக் கொடுக்காது, துளித்துளியாக விட்டு மேலே தூக்கிய பிறகுதான் வழக்கமான வேகத்துக்கு மாறும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பட்டனை நொடிக்கு ஒரு தரம் அழுத்திப் பார்த்தால் அந்தத் துளியையும் செலவழித்துவிடுவீர்கள். எழுந்துவிட்டால், மறுபடி அலமாரிக்குப் போவதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.